சிக்கனப் பொடி என்னும் ஏமாத்து

"கம்மியாப் போட்டாலே போதும், அதான் நல்ல பொடி." டெக்சாஸில் நான் போற பிஸ்டல் போட்டிகளில், சொந்தமாத் தோட்டா அடைக்க ஆரம்பிக்கிற புதுசுகளுக்கு ஓதப்படும் முதல் மந்திரம் இது. கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது (பொடி இல்லாமலேயே :-)).

கணக்கைப் பாருங்க மக்களே. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். தோட்டாவுக்கு ஒரு கிரெய்ன் மிச்சம் பிடிச்சா, மாசம் 500 சுடுற ஆளுக்கு ஒரு பவுண்டு மிச்சமாக 14 மாசம் ஆகும். இதுக்கா இவ்ளோ அலப்பறை?

அந்தப் பொடி 9 எம்எம் கூட்டில் பாதிகூட நிரம்பாது. தப்பித்தவறி ரெண்டு தரம் விழுந்தாலும் மேலே குண்டை வெச்சு அழுத்திடலாம், வெளியே ஒண்ணுமே தெரியாது. எனக்கு நடந்துச்சு. நடுவில் போன் வந்தது, பேசிட்டு வந்து பிரஸ் கைப்பிடியை மறுபடி இழுத்தேன். என்னமோ உறுத்த, அன்னிக்கு அடைச்ச அத்தனையையும் பிரிச்சேன். ஒண்ணில் டபுள். ராத்திரி பூரா தூக்கமில்லை.

பருமனான பொடின்னா, ரெண்டாம் தரம் விழும்போதே வழிஞ்சு மேசையெல்லாம் கொட்டும். குருடனுக்கும் தெரியும்.

சிக்கனப் பொடியில் உதைப்பு கொஞ்சம் கம்மி, ஒத்துக்கறேன். ஆனா "பவர் ஃபேக்டர் வராது"ங்கறது சுத்தப் புருடா. யுஎஸ்பிஎஸ்ஏ மைனருக்கு வேண்டியது 125. 147 கிரெய்ன் குண்டு நொடிக்கு 851 அடி போனாலே வந்தாச்சு. எந்தப் பொடின்னு குரோனோகிராஃப் கேக்கறதில்லை.

மந்திரம் ஓதுற நண்பர் இன்னும் திருந்தலை. அவர் சுடும்போது நான் பத்தடி தள்ளியே நின்னுக்கறேன்.