மெயிலுக்குப் பூட்டு, சாவி யார் கையில்? 90-ம் 90-ம் சேர்ந்தால் ஆபத்து!

தூத்துக்குடி:

பழைய இ-மெயிலைத் திறக்கப் பார்க்கிறீர்கள். பாஸ்வேர்டு மறந்துபோச்சு. "உங்கள் நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம்" என்கிறது கம்ப்யூட்டர். அனுப்பியது எந்த நம்பருக்கு? நீங்கள் எப்போதோ தூக்கிப் போட்ட பழைய சிம்முக்கு!

அந்த நம்பர் இன்று யார் பாக்கெட்டில் இருக்கிறது? அதுதான் வில்லங்கம்.

இது துறைமுக ஊர். தூத்துக்குடியிலும் சுற்றியுள்ள கடற்கரை ஊர்களிலும் கப்பலில் வேலை பார்க்கிற குடும்பங்கள் ஏராளம். வேலை உத்தரவு, சர்ட்டிபிகேட், பாஸ்போர்ட் நகல் எல்லாம் மெயிலில்தான் கிடக்கிறது. மெயில் பூட்டிக்கொண்டால் பிழைப்பே பூட்டிக்கொண்ட மாதிரி.

கப்பல்காரர் கணக்கு

ஒரு சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் கம்பெனி அதைத் துண்டித்துவிடலாம். துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். 2023 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் நடந்த வழக்கில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' இந்த 90 நாள் இடைவெளியை எடுத்துச் சொன்னது. பழைய நம்பரில் இருந்த தகவல்களைப் பத்திரப்படுத்த வேண்டியது பழைய சந்தாதாரரின் பொறுப்பு என்று கோர்ட்டும் கை காட்டிவிட்டது.

90-ம் 90-ம் 180. ஆறு மாசம்!

கப்பல் ஒப்பந்தமோ ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று ஓடுகிறது. ரீசார்ஜ் போடாமல் ஒருவர் ஒன்பது மாதப் பயணம் போனால், அவர் கரை திரும்புவதற்குள் அவருடைய நம்பர் வேறொருவருக்குப் போயிருக்கலாம்.

"என்ன அண்ணாச்சி, நம்பர் போனா வேற நம்பர் வாங்கிக்கிட்டா போச்சு" என்பார்கள் சிலர். அங்கேதான் தப்பு. பூட்டு மெயிலில் இருந்தாலும் சாவி அந்த நம்பரில் அல்லவா இருக்கிறது? நம்பர் கைமாறினால் சாவியும் கைமாறும்.

இது கப்பல்காரருக்கு மட்டும் வந்த கஷ்டமும் இல்லை. 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தபோது தமிழ்நாடு முழுக்க சிக்னல் இல்லாமல் ஜனங்கள் தவித்தார்களே, மறக்க முடியுமா? நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். மாற்றாதவர்களுக்கு நம்பரோடு சாவியும் போச்சு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் போனையும் விட்டுவைக்கவில்லை.

ஆதார் காட்டினால் திறக்காதா?

பேங்க் லாக்கர் சாவி தொலைந்தால் நேரே பேங்குக்குப் போகலாம். அடையாள அட்டையைக் காட்டி, கட்டணம் கட்டி, பூட்டை உடைத்துத் திறக்கலாம். மெயிலுக்கு அப்படி ஒரு கவுன்டர் கிடையாது. ஏன்?

கணக்கு ஆரம்பித்த அன்று யாரும் உங்களிடம் அடையாள அட்டை கேட்கவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பெயர், பிறந்த தேதி அடித்தோம், முடிந்தது. பலருக்கு சென்டர்காரரே அடித்துக் கொடுத்தார். அதனால் இன்று ஆதாரைக் காட்டினாலும், கணக்கு உங்களுடையதுதான் என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கம்பெனியிடம் ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்தில் ரகசியக் கேள்வி என்று ஒன்று வைத்திருந்தார்கள். தாயார் பெயர் என்ன, படித்த பள்ளி எது என்று கேட்பார்கள். பதில் தெரு முழுக்கத் தெரியும்! 2008-ல் அமெரிக்கத் துணை ஜனாதிபதி வேட்பாளர் சாரா பாலினின் யாஹூ மெயிலை ஒரு கல்லூரி மாணவர் இப்படித்தான், ஊருக்கே தெரிந்த விவரங்களை வைத்துத் திறந்தார். ரகசியக் கேள்வி மெல்ல ஒழிந்தது. அந்த இடத்தில் போன் நம்பர் வந்து உட்கார்ந்தது.

பழக்கம்தான் சாட்சி

அடையாளம் தெரியாத கம்பெனி உங்கள் பழக்கத்தைப் பார்க்கிறது. எந்த போன், எந்த ஊர், கடைசியாக எந்த பாஸ்வேர்டு என்று பார்த்துத்தான் நம்புகிறது. ஆகவே கணக்கைத் திறக்க முயல்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

முன்பு மெயில் பார்த்த அதே போனில் அல்லது கம்ப்யூட்டரில், அதே வீட்டில் இருந்து முயலுங்கள். நினைவில் உள்ள கடைசி பாஸ்வேர்டைக் கொடுங்கள். தோற்றால் உடனே பத்து தடவை தட்டாதீர்கள், பொறுத்து முயலுங்கள்.

போன் மட்டும் தொலைந்து, நம்பர் இன்னும் உங்கள் பெயரில் இருந்தால் கவலை வேண்டாம். அடையாள அட்டையோடு போன் கம்பெனிக்குப் போய் அதே நம்பருக்கு மாற்று சிம் வாங்கலாம். புது சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. அது மோசடியைத் தடுக்கும் ஏற்பாடு. பதற வேண்டாம்.

ஆனால் ஆறப்போடக் கூடாது. இரண்டு வருஷம் தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரில் இருந்து கூகுள் அழிக்கத் தொடங்கிவிட்டது. மைக்ரோசாப்டுக்கும் இரண்டு வருஷம்தான் கெடு. யாஹூவில் ஒரு வருஷம். இந்தியாடைம்ஸ் மெயில் 2013-லேயே கடையைக் கட்டிவிட்டது. அழிந்த கணக்குக்குப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

"நான் திறந்து தர்றேன்" ஆசாமிகள்

கஷ்டம் இருக்கிற இடத்தில் தரகரும் இருப்பார். 'கஸ்டமர் கேர்' என்று நெட்டில் தேடினால் போலி நம்பர்கள் வந்து விழும். பணம் கேட்பார்கள், அப்புறம் ஓ.டி.பி. கேட்பார்கள். கணக்கைத் திறந்து கொடுக்க வெளி ஆள் யாரையும் வைத்திருக்கவில்லை என்று கூகுள் அடித்துச் சொல்கிறது. ஓ.டி.பி.யைச் சொன்னால் மெயிலோடு பேங்க் கணக்கும் போகும்.

ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின் கீழ் மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கம்பெனி கண்டுகொள்ளவே இல்லையா? அதற்கும் வழி உண்டு. 2021 விதிகளின்படி இந்தக் கம்பெனிகள் குறைதீர்ப்பு அதிகாரி வைத்திருக்க வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் 'வந்து சேர்ந்தது' என்று சொல்ல வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023-ல் தொடங்கிய குழு இது. ஆன்லைனிலேயே முறையிடலாம், டெல்லிக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். விஷயம் ஜனங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் குறை.

ஆனாலும் வந்தபின் அலைவதைவிட வருமுன் காப்பது மேல். ஒரே நம்பரை நம்பாதீர்கள். வீட்டு ஆள் ஒருவரின் மெயிலை மீட்பு மெயிலாகக் கொடுங்கள். கூகுள் கணக்கில் பத்து மாற்றுக் குறியீடுகள் எடுத்துக்கொள்ளலாம். அதைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். நம்பர் மாற்றுகிறவர்கள், பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே மெயிலிலும் நம்பரை மாற்றிவிடுங்கள்.

கப்பலேறுகிறவர்கள், வீட்டில் இருப்பவரிடம் சிம்முக்கு ரீசார்ஜ் போடச் சொல்லிவிட்டுப் போங்கள். ரீசார்ஜ் போட்டால் போதாது. 90 நாளுக்குள் அந்த சிம்மில் இருந்து ஒரு போன் போட வேண்டும். அந்த ஒரு போனில்தான் அடுத்த கப்பலுக்கான வேலையே இருக்கிறது.