ஓடட்டும் அந்தச் சிவப்புக் கார்கள்!

இத்தாலி தேசத்தின் வடபகுதியில் பிரேஷா என்று ஒரு நகரம் இருக்கிறது. ஜூன் மாதத்தில் சில நாட்கள் அந்த ஊரில் மோட்டார்களைத் தவிர வேறு பேச்சே கிடையாது. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஏறக்குறைய நானூறு பழைய கார்கள் அங்கே வந்து கூடுகின்றன. எழுபது, எண்பது, தொண்ணூறு வயதைக் கடந்த வண்டிகள்! அவை அங்கிருந்து புறப்பட்டு ரோமாபுரி வரையில் சென்று, மறுபடியும் பிரேஷாவுக்கே திரும்புகின்றன. வழிநெடுகிலும் ஊர் ஜனங்கள் வீதிக்கு வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். இந்த விழாவுக்கு 'மில்லே மிலியா' என்று பெயர். ஆயிரம் மைல் என்பது பொருள்.

இது ஒரு காட்சி. இன்னொரு காட்சியும் உண்டு. பெராரி கம்பெனியார் 1962 முதல் 1964 வரையில் '250 ஜிடிஓ' என்ற பந்தயக் காரில் முப்பத்தாறு மட்டுமே செய்தார்கள். அமெரிக்காவில் அன்று அதன் விலை சுமார் 18,000 டாலர். அவற்றில் ஒன்று 2018-ல் அங்கே ஏலத்துக்கு வந்தபோது 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போயிற்று! இத்தகைய விலை ஏறிய பிறகு, பழைய இத்தாலியக் காரை வாங்குகிறவர்களில் ஒரு சாரார் அதைக் காராகவே நினைப்பதில்லை. தங்கக் கட்டியாக நினைக்கிறார்கள். வெப்பமும் ஈரமும் அளந்து வைத்த அறையில் போட்டுப் பூட்டி, விலை ஏறுகிறதா என்று பத்திரிகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டு சாராரும் தங்களைக் கார் ரசிகர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். வீதியில் ஓட்டுகிறவர்தாம் ரசிகர். பூட்டி வைக்கிறவர் புதையல் காக்கும் பூதம் என்பதே நம்முடைய அபிப்பிராயம். பணக்காரர்களின் விளையாட்டில் நமக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். அக்கறை இருக்கிறது. ஏனெனில் இந்தக் கார்களின் கீர்த்தியை உண்டாக்கியவர்கள் பணக்காரர்கள் மட்டும் அல்ல.

சரித்திரத்தைச் சற்றுப் பார்ப்போம். இத்தாலிய கிராண்ட் பிரீ பந்தயம் முதன்முதலில் 1921-ல் பிரேஷாவுக்கு அருகில்தான் நடந்தது. மறு வருஷமே அது மோன்ஸா என்னும் ஊருக்குப் போய்விட்டது. பிரேஷாக்காரர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆய்மோ மாஜ்ஜி பிரபு, பிராங்கோ மட்ஸோட்டி, ரென்ஸோ காஸ்தஞேட்டோ, பத்திரிகையாளர் ஜியோவன்னி கனெஸ்ட்ரினி ஆகிய நால்வரும் கூடி யோசித்தார்கள். பந்தயத்துக்குத் தனிப் பாதை எதற்கு, தேசத்தின் சாலைகளே பாதையாக இருக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். 1927 மார்ச்சில் முதல் பந்தயம் நடந்தது. சுமார் 1,600 கிலோமீட்டர். பிரேஷாவிலேயே தயாரான ஓ.எம். கார் இருபத்தொரு மணி நேரத்தில் ஓடி ஜயித்தது. போன மானம் திரும்பி வந்தது.

இந்தப் பந்தயத்தைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. சாலையோரத்தில் வீடு இருந்தால் வாசற்படியே காலரி. பெரிய ஆல்பா ரோமியோவும் ஓடியது. சின்னஞ்சிறு பியட்டும் ஓடியது. வண்டி புறப்படும் நேரமே அதன் எண்ணாக எழுதப்பட்ட காலம் உண்டு. 1955-ல் காலை 7 மணி 22 நிமிஷத்துக்குப் புறப்பட்ட ஸ்டர்லிங் மாஸின் மெர்சிடஸ் காரில் 722 என்று எழுதியிருந்தது. அவர் 10 மணி 7 நிமிஷம் 48 விநாடியில் திரும்பி வந்து சேர்ந்தார். அந்த வேகத்தைப் பிறகு யாரும் மிஞ்சவில்லை. ஜயித்தது ஜெர்மன் காராயிற்றே என்று இத்தாலியர்கள் அந்தக் கதையை ஒதுக்கிவிடவில்லை. இன்றும் சொல்லி மகிழ்கிறார்கள். ரசனை என்றால் அதுதான்.

ஆனால் இதற்கு இருண்ட பக்கமும் உண்டு. 1938-ல் பொலோஞா நகரில் ஒரு கார் ஜனக் கூட்டத்தில் பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டார்கள். அவர்களில் எழுவர் குழந்தைகள். சர்க்கார் பந்தயத்தைத் தடுத்தது. யுத்தத்துக்குப் பிறகு 1947-ல் மறுபடியும் பழைய மாதிரியே தொடங்கினார்கள். 1957 மே 12-ந் தேதி குயிதிட்ஸோலோ கிராமத்துக்கு அருகில் போர்த்தாகோ என்ற ஸ்பானியப் பிரபு ஓட்டிய பெராரியின் டயர் வெடித்தது. அவரும் உடன் சென்றவரும் இறந்தார்கள். சாலையோரத்தில் நின்ற ஒன்பது பேரும் பலியானார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். பொதுச் சாலையில் வேகப் பந்தயம் அதோடு தீர்ந்தது. தீர்ந்ததே சரி. குழந்தையின் உயிரைவிட எந்தக் காரும் பெரிதல்ல.

பின்னால் வந்த ரசிகர்கள் இங்கேதான் புத்திசாலித்தனம் காட்டினார்கள். 1977-ல் மில்லே மிலியாவை உயிர்ப்பித்தபோது அதை வேகப் போட்டியாக அல்லாமல் ஒழுங்குப் போட்டியாக மாற்றினார்கள். குறித்த தூரத்தைக் குறித்த நேரத்தில் கடக்க வேண்டும். முந்தினாலும் குற்றம், பிந்தினாலும் குற்றம். சாலையின் குறுக்கே கிடக்கும் ரப்பர்க் குழாயைச் சக்கரம் மிதித்தவுடன் கடிகாரம் விநாடியில் நூற்றில் ஒரு பங்கு வரை கணக்கிட்டுவிடுகிறது. 1927 முதல் 1957 வரை நடந்த பந்தயங்களுக்குப் பெயர் கொடுத்த கார்களின் ரகங்களுக்கே இதில் இடம். ஆக, கார் தன் பழைய சாலையில் ஓடுகிறது; பார்க்கிறவர்களுக்கும் பயமில்லை.

பூட்டி வைப்பவர்களுக்கும் ஒரு வாதம் உண்டு. "மீண்டும் செய்ய முடியாத பொருள் அல்லவா? ஒரு மோதலில் போய்விட்டால் என்ன செய்வது?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் யந்திரத்தின் சுபாவத்தையும் யோசிக்க வேண்டும். ஓடாத எஞ்ஜினில் எண்ணெய் கீழே வடிந்துவிடுகிறது. பேரிங்குகள் வறண்டு போகின்றன. ரப்பர் பாகங்கள் வெடிக்கின்றன. பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளே துருவை உண்டாக்குகிறது. ஓட்டினால் தேயும், ஓட்டாவிட்டால் செத்துப் போகும். நிலையிலேயே நிற்கும் தேரை யாரும் உற்சவம் என்று சொல்வதில்லை.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மோடேனாவில் செர்ஜியோ ஸ்காலியெட்டி என்ற தொழிலாளி இருந்தார். ஜிடிஓ கார்களில் பெரும்பாலானவற்றின் உடல் அவர் பட்டறையில் உருவானதுதான். மணல் மூட்டையின் மேல் அலுமினியத் தகட்டை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டியே வளைவுகளை உண்டாக்கினார். கண்ணளவே அளவு. 2011-ல் அவர் காலமாகிவிட்டார். அந்தக் கைவேலை மறையாமல் இருக்க வேண்டுமானால் அந்தக் கார்கள் ஓட வேண்டும், ஓடினால்தான் பழுதாகும், பழுதானால்தான் புதிய தலைமுறைக் கையில் சுத்தியல் ஏறும். பூட்டிய அறையால் எந்தப் பட்டறைக்கும் கஞ்சி கிடைக்காது.

இசைக்குழுவில் முரசு கொட்டிப் பேர் வாங்கிய ஆங்கிலேயர் நிக் மேசனிடமும் ஒரு ஜிடிஓ இருக்கிறது. பல்லாண்டுகளாக அதைப் பந்தயத்திலேயே ஓட்டி வந்திருக்கிறார். விலை தெரியாதவர் அல்ல. கார் எதற்காகப் பிறந்தது என்பதும் தெரிந்தவர்.

2019-ல் பொலோஞா நீதிமன்றம் 250 ஜிடிஓ ஒரு கலைப்படைப்பு, அதைப் போலி செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் கலை என்றால் கண்டு களிக்க ஜனங்களுக்கும் பாத்தியதை உண்டல்லவா? முப்பது வயது கடந்த கார்களுக்கு இத்தாலிய சர்க்கார் ஆண்டு வரியைத் தள்ளுபடி செய்கிறது. வரி கட்டும் ஏழை எளியவர்கள் செய்து கொடுக்கும் உபகாரம் அது. அதற்குப் பிரதியாக, வருஷத்தில் ஒரு நாளாவது சொந்தக்காரர் தம் காரை ஊர்ச் சதுக்கத்துக்குக் கொண்டு வரக் கூடாதா?

விழா நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மில்லே மிலியாவின் நுழைவுக் கட்டணம் சாமானியனுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. பாட்டனார் விட்டுப்போன சிறிய பியட்டைத் துடைத்துப் பாதுகாக்கும் பள்ளி ஆசிரியருக்கும், மெக்கானிக்குக்கும் சில இடங்களைக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கட்டும். பெரிய காரும் சிறிய காரும் ஒரே சாலையில் ஓடியதுதானே அந்தப் பந்தயத்தின் பெருமை!

இன்று சாலையோரத்தில் நின்று கொடியசைக்கும் சிறுவன்தான் நாளைக்கு இந்தக் கார்களைக் காப்பாற்றப் போகிறவன். அவன் கேட்பது விலையை அல்ல. அந்த எஞ்ஜினின் உறுமலை. அதை அவனுக்குக் கொடுங்கள்.