உம்மாவின் குளிசை உறையில் என்ன எழுதியிருக்கிறது?

கிளினிக்கில் தரும் சின்னக் கடதாசி உறைகளை நம்மில் எத்தனை பேர் வாசிக்கிறோம்? 'பி.டி.' என்றால் நாளைக்கு இரண்டு தரம், 'டி.டி.எஸ்.' மூன்று தரம், 'நொக்டே' இரவில். தாதியர் பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது அரிச்சுவடி. வீட்டிலிருக்கும் உம்மாவுக்கோ வெறும் கிறுக்கல். அவர் நிறத்தைப் பார்த்துத்தான் போடுகிறார். கம்பனி மாறினால் நிறமும் மாறிவிடும்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடுவது. மற்றக் குளிசைகளைப் போலத் தினமும் போட்டால் எலும்பு மச்சை பழுதாகி உயிரே போகலாம். அதுவும் இதே மாதிரி உறையில்தான் வருகிறது.

மருந்து கொடுப்பவர்களை நாம் குறை சொல்லவில்லை. அந்த வரிசையின் நீளம் நமக்கும் தெரியும். ஆனால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்பதில் என்ன வெட்கம்? அவர்களுக்கு நேரமில்லையென்றால் கூடப்போகும் பிள்ளை பேனையோடு போகட்டும். ஜன்னலடியிலேயே கேட்டு, 'காலை', 'இரவு', 'கிழமைக்கு ஒன்று' என்று உறையில் எழுதட்டும். வீட்டுக்கு வந்து ஊகித்து எழுத வேண்டாம். அந்த ஒரு நாளை வெள்ளிக்கிழமையாக வைக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள். ஜும்ஆ நாள் உம்மாவுக்கு மறக்காது.