சுவர் கட்டாத மலைகள் செய்த பாவம் என்ன?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராட்டியர் கோட்டைகள் என்று சேர்க்கப்பட்ட 12-ல், மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். தப்பே இல்லை.

ஆனால் ஒரு கேள்வி. இந்தப் பெருமை மலைக்கா, அதன் மேல் கட்டிய சுவருக்கா?

செஞ்சியைப் பற்றி யார் எழுதினாலும் பிடித்தவர்கள் பட்டியல்தான் வரும். 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். நடுவில் 1714-ல் தேசிங்கு ராஜாவின் சாவு. எல்லாம் சரி, இவர்களில் ஒருவராவது அந்த மலையை உண்டாக்கினாரா? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தன. மனிதன் இடைவெளியைச் சுவர் வைத்து அடைத்தான், அவ்வளவுதான்!

அந்தப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். ராட்சதன் அடுக்கி வைத்தது போல் தெரியும் உருண்டைக் கற்களை யாரும் அடுக்கவில்லை. பாறையின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, மூலைகளைக் கரைத்து, கரைந்த மண் அடித்துச் செல்லப்பட்ட பிறகு மிஞ்சியவை அவை. இடுக்குகளில் தங்கிய கொஞ்சம் மண்ணைப் பிடித்துக்கொண்டு உசிலும் வெப்பாலையும் காரையும் கல்லிச்சியும் வளர்கின்றன. மலையில் பெய்யும் மழை இந்த இடுக்குகளில் ஊறி, மெதுவாக அடிவாரத்து ஏரிகளுக்கு இறங்குகிறது. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சங்கராபரணிதான் வீடூர் அணையை நிரப்புகிறது.

இதெல்லாம் கோட்டை இல்லாத மலைகளுக்கும் பொருந்தும். அவற்றுக்கும் வரலாறு உண்டு. செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டதை அங்கே கல்வெட்டு சொல்கிறது. மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் எழுதி வைத்தான். கீழ்வாலையில் அதற்கும் முந்தைய செந்நிறப் பாறை ஓவியங்கள் இருக்கின்றன.

சட்டம் என்ன செய்கிறது? மத்தியத் தொல்லியல் துறையின் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு வெளியே இன்னொரு 200 மீட்டர் கட்டுப்பாடு. அந்த 300 மீட்டர் தாண்டினால் அதே மலையின் அடுத்த பாறை வெறும் ஜல்லி! காப்புக்காடுகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021-ல் தமிழக அரசு விதி போட்டது. 2022 டிசம்பரில் அரசே அதைத் தளர்த்தியது. ஒரு வருடம்கூட முழுசாகத் தாங்கவில்லை என்று சொல்ல முடியாது... ஒரு வருடமும் ஒரு மாதமும் தாங்கியது!

திருவக்கரைக்குப் போய்ப் பாருங்கள். மரம் கல்லானதற்கு வேலி போட்டிருக்கிறார்கள். நல்லது. ஆனால் அந்த மரத்தைவிடப் பல மடங்கு வயதான பாறைக்கு அதே பகுதியில் வெடியும் கிரஷரும்.

'வளர்ச்சி வேண்டாமா, ரோடு வேண்டாமா?' என்பார்கள். வேண்டும். வீடு கட்டக் கல் வேண்டும், குவாரியில் வேலை செய்கிறவருக்குக் கூலி வேண்டும். இதை மறுப்பவன் பொய் சொல்கிறான். ஆனால் எந்தக் கல்லை எடுப்பது, எதைத் தொடக்கூடாது என்று பிரிக்காமல் 'வளர்ச்சி' என்று சொல்வதுதான் ஜல்லியடிப்பது.

கணக்குப்படியே பேசுவோம். நிலத்தை விற்ற பணத்தை ஒரு கடைக்காரர் அந்த வருட லாபத்தில் எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். அது லாபம் இல்லை, முதல் குறைந்தது. மலையை உடைத்து வரும் உரிமத் தொகையை மட்டும் அரசு ஜம்மென்று வருமானத்தில் எழுதுகிறது. ஏரிக்கு வராமல் போன தண்ணீர் எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை. மரம் வெட்டினால் நடலாம். மலையை எந்த நர்சரியில் வாங்குவது?

வழி இல்லாமல் இல்லை. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் கோட்டை கிடையாது. குன்றுகளும் குடைவரைக் கோயிலும் சமணர் படுக்கையும் பறவைகளும்தான். 2022 நவம்பரில் அது தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. பிறகு டங்ஸ்டன் சுரங்கம் வந்தபோது ஊர் மக்கள் கிராம சபைத் தீர்மானங்களோடு எதிர்த்து நின்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

2002-ம் வருடப் பல்லுயிர்ச் சட்டம் விழுப்புரத்துக்கும் அதே சட்டம்தான். எந்த மலையில் என்ன இருக்கிறது என்று முதலில் கணக்கெடுக்கட்டும், தொடக்கூடாத மலைகளை அறிவிக்கட்டும், மிச்சத்தில் குவாரி பற்றிப் பேசட்டும். இதைக் கேட்க ராஜா வேண்டியதில்லை. அடுத்த கிராம சபையில் ஒருவர் கை தூக்கினால் போதும்.