திறந்தநிலை மருத்துவப் பாடநூல்களும் மாணவர் கருத்தும்

மருத்துவம், செவிலியம் சார்ந்த பட்டப்படிப்புகளில் பாடநூல்களின் விலை மாணவர்க்குப் பெருஞ்சுமையாகும். இச்சுமையைக் குறைக்கும் முயற்சிகளுள் ஒன்றாக, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் 2013ஆம் ஆண்டு உடற்கூற்றியல், உடலியங்கியல் பாடநூலை இணையத்தில் விலையின்றி வெளியிட்டது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளிவந்த இந்நூலை எவரும் தரவிறக்கலாம், அச்சிடலாம், மூலத்தைச் சுட்டி மொழிபெயர்க்கவும் செய்யலாம்.

திறந்தநிலைக் கல்வி வளங்கள் குறித்துப் பல துறைகளில் நிகழ்ந்த 16 ஆய்வுகளை ஜான் ஹில்டன் 2016இல் தொகுத்து மதிப்பிட்டார். கற்றல் அடைவு பொதுவாகக் குறையவில்லை, மாணவர் செலவு குறைந்தது, பெரும்பாலோர் இவற்றை வரவேற்றனர் என்பன அவர் கண்ட முடிவுகள். இவை ஏற்கத்தக்கனவே. எனினும் விலை, தரம் ஆகிய இரண்டை மட்டும் வினவி மாணவர் கருத்தை அறிந்துவிட்டதாகக் கொள்வது தமிழ்ச் சூழலுக்குப் பொருந்தாது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் பயின்று செவிலியர் பட்டப்படிப்பில் சேரும் மாணவிக்கு ஆங்கிலப் பாடநூல் இலவசமாகக் கிடைத்தாலும் அதன் பொருள் எளிதில் வசப்படுவதில்லை. பொருளுணராமல் மனனம் செய்த பாடம் தேர்வில் மதிப்பெண் பெற்றுத் தரலாம். நோயாளியின் படுக்கையருகே உதவாது. எனவே ‘நூல் விளங்குகிறதா?’ என்பதே மாணவரிடம் முதலில் கேட்கத்தக்க வினா.

இவ்வினாவுக்கு யாழ்ப்பாணத்தில் முன்பே விடை காண முயன்றவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) முதலிய நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். அப்பணியில் அவருடைய மாணவர்களும் பங்கேற்றனர் என்பது இங்குக் கருதத்தக்கது. பாடநூலைப் பயன்படுத்துவோராக மட்டுமன்றி, அதனை உருவாக்குவோராகவும் அவர்கள் விளங்கினர்.

பட்டத்தேர்வும் வெளிநாட்டு வேலைவாய்ப்பும் ஆங்கிலத்தைச் சார்ந்துள்ளமையால் தமிழ்நூல் பயன்படாது என்பர் சிலர். ஆங்கிலத்தை விலக்குமாறு இக்கட்டுரை கோரவில்லை. ஆங்கிலப் பாடத்தின் அருகே தமிழ் விளக்கமும் இடம்பெற வேண்டும் என்றே கோருகிறது. திறந்த உரிமம் அதற்குச் சட்டத்தடை இல்லாமல் செய்துள்ளது. தமிழ்த்துறை ஆய்வாளரும் செவிலியர் கல்லூரி ஆசிரியரும் இணைந்து ஓர் இயலையேனும் மொழிபெயர்த்து, மாணவரிடம் அளித்து, விளங்காத இடங்களை அவர்கள் சுட்டியவாறு திருத்துதல் வேண்டும். அத்திருத்தங்களே மாணவர் கருத்தின் மெய்யான பதிவாக அமையும்.