மின்னூட்டியின் வேகமும் பாட்டரியின் ஆயுளும்



சென்ற திங்கள் எங்கள் தமையனாரின் மகள், தன் மடிக்கணினியின் சார்ஜர் பழுதாகிவிட்டதென்று வந்து நின்றாள். அவள் மாட்டுங்காவில் கல்லூரியில் பயில்பவள்; குடியிருப்பது தாராவியில். தேர்வுக்கு இருபது நாட்களே இருந்தன. அவளுடைய தந்தை ஓராண்டுக் காலம் தவணை கட்டி வாங்கிய கணினி அது. அது நின்றால் பிள்ளையின் படிப்பும் நின்றது போலத்தான்.

அன்று மாலையே லாமிங்டன் ரோட்டுக்குச் சென்றோம். பழைய சார்ஜர் 45 வாட். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பெயரும் முத்திரையும் இல்லாத 45 வாட் சார்ஜர். விலை மிகக் குறைவு. மற்றொன்று 100 வாட். விலையோ பல மடங்கு. "இரு மடங்கு வேகத்தில் ஏறும்" என்றார் அவர். எங்களுடன் வந்த அண்டை வீட்டுப் பெரியவரோ, "தம்பி, இவ்வளவு பெரியதைப் போட்டால் பாட்டரி வெந்துவிடும், வேண்டாம்" என்று தடுத்தார். இருவர் கூற்றும் முழு உண்மையல்ல. இதனை விளங்கிக்கொள்வது நம் இல்லங்கள் அனைத்துக்கும் பயன்படும் என்பதாலேயே இம்மாதம் இதைப் பற்றி எழுதுகின்றோம்.

இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இரயில் உவமையே முதலில் தோன்றுகிறது. 1925ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள், இந்நாட்டின் முதல் மின்சார இரயில் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. அன்று மேல்கம்பியில் இருந்தது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். இன்று செம்பூர் அன்பர்கள் நாள்தோறும் ஏறிச் செல்லும் ஹார்பர் பாதையில் இருப்பது 25,000 வோல்ட் மாறுமின்சாரம். பழைய அழுத்தத்துக்கென்றே அமைந்த வண்டியைப் புதிய கம்பியின் கீழ் அப்படியே ஓட்ட இயலாது. வோல்ட் பொருந்தியே ஆக வேண்டும். ஆனால் கம்பி எவ்வளவு மின்சாரம் தர வல்லதாயினும், வண்டி தனக்கு வேண்டிய அளவையே இழுத்துக்கொள்ளும்.

மடிக்கணினியும் அவ்வாறே. வோல்ட் என்பது அழுத்தம். ஆம்பியர் என்பது ஓட்டம். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட். இக்காலத்து டைப்-சி சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டுமே தருகிறது. பின்னர் கணினி தனக்கு வேண்டியதைக் கேட்க, அதற்கு ஏற்ப 15 அல்லது 20 வோல்ட் தருகிறது. ஆகவே, 45 வாட் மட்டும் ஏற்கும் கணினியில் முறையாகச் செய்யப்பட்ட 100 வாட் சார்ஜரைச் செருகினால் தீங்கும் இல்லை, வேகமும் கூடாது. பழைய உருண்டை முனைச் சார்ஜர்களில் பெரும்பாலும் இந்தக் கேள்வி பதில் கிடையாது. அவற்றில் வோல்ட்டும் முனையும் பழையதைப் போலவே அமைய வேண்டும். ஆம்பியர் குறையாமல் இருந்தால் போதும்.

கூடுதல் வாட் ஏற்கும் கணினியாயின் வேகம் மெய்யாகவே கூடும். எனினும் அது கடைசிவரை நில்லாது. காலை ஒன்பது மணிக்குத் தாதரில் வண்டியேறும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். காலிப் பெட்டியில் மளமளவென்று ஏறுவர். பெட்டி நிறைய நிறைய ஒவ்வொருவராய்த்தான் நுழைய முடியும். பாட்டரியினுள் லித்தியம் அயனிகள் இடம் தேடுவதும் இப்படியே. அதனால்தான் கடைசி ஐந்தில் ஒரு பங்கு மெதுவாக ஏறுகிறது. இடமில்லாதபோது மிகுந்த வேகத்தில் தள்ளினால், அயனிகள் உள்ளே புகாமல் வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். பாட்டரியின் கொள்ளளவு குறையும். இது நேராதபடி கணினியே ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது.

ஆயினும் வேகம் கூடினால் வெப்பமும் கூடும். பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும் முதற்பகை வெப்பமே. சில கணினிகளில் வேக மின்னேற்றத்தை நிறுத்தி வைக்க அமைப்பு உண்டு. அவசரம் இல்லாத நாட்களில் அதனை நிறுத்தி வைப்பது நன்று. நாள் முழுவதும் மின்னிணைப்பிலேயே இருக்கும் கணினியில் 80 விழுக்காட்டோடு ஏற்றத்தை நிறுத்தும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துக.

வாங்கும்போது காண வேண்டியவை சில. சார்ஜரின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருத்தல் வேண்டும். அவ்வெண் மெய்யானதா என்பதை அவ்வமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். கம்பியையும் மறவாதீர். சாதாரண டைப்-சி கம்பி 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் 5 ஆம்பியர் கம்பி தேவை.

நாங்கள் மலிவானதையும் வாங்கவில்லை, பெரியதையும் வாங்கவில்லை. முத்திரையுள்ள 45 வாட் சார்ஜரை நடுத்தர விலைக்கு வாங்கித் திரும்பினோம்.

வீட்டில்தான் மெய்யான குறை விளங்கிற்று. ஒரே அறை, மெத்தையே பிள்ளைக்கு மேசை. கணினி மெத்தையில் புதைந்து காற்றுத் துளைகள் அடைபட்டிருந்தன. சார்ஜரோ தலையணைக்கு அடியில் கிடந்தது. எந்தச் சார்ஜரானாலும் அங்கே வெந்துதான் போகும்! மறுநாளே தமையனார் ஒரு மரப்பலகையை இழைத்துக் கொண்டுவந்து கணினிக்கு அடியில் வைத்தார். செலவு ஏதுமில்லை. ஆயினும் பாட்டரியைக் காப்பதில் புதிய சார்ஜருக்கு அப்பலகை இளைத்ததன்று.

இறுதியாக ஒன்று. பாட்டரி உப்பிக் கணினியின் அடிப்பாகம் மேலெழுந்தால், உடனே மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுப் பழுது பார்க்கும் நிலையத்தில் ஒப்படையுங்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டா, தீப்பற்றும். குப்பையிலும் போடாதீர்கள். இந்நகரத்தின் கழிவுகளில் எவ்வளவோ தாராவியின் 13ஆம் காம்பவுண்டுக்கு வந்து சேர்கின்றன. அங்கே அவற்றைப் பிரித்தெடுக்கும் கைகள் நம் அண்டை அயலாரின் கைகள். நம் வீட்டுப் பொருளைக் காப்பதோடு அக்கைகளையும் காப்பது நம் கடமையன்றோ?