பலாலி இருக்கக் கட்டுநாயக்கா ஏன்?

யாழ்ப்பாணத்தார் ஒருவர் திருச்சிராப்பள்ளிக்குப் போக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பலாலியிலிருந்து திருச்சி ஆகாய வழியாக இருநூறு கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்திலேயே உள்ளது. ஆனால் நாற்பது ஆண்டுகளாக நம்மவர் சென்ற வழி என்ன? யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர் பஸ்சிலோ புகையிரதத்திலோ இரவு முழுவதும் உருண்டு, கொழும்பில் கால்வைத்து, கட்டுநாயக்காவில் விமானமேறி, வந்த தூரமெல்லாம் மீண்டும் வடக்கே பறந்து திருச்சியில் இறங்கினர். வாசலுக்கு எதிரே கிணறு இருக்க, ஊரைச் சுற்றி வந்து தண்ணீர் அள்ளிய கதை அன்றோ இது!

அந்த நாற்பது ஆண்டுகளுக்கும் காரணம் உண்டு. அது நம் குற்றமன்று. ஆனால் பலாலியின் கதவு மீண்டும் திறந்த பின்னரும் எம்மவருட் பலர் பழைய வழியையே பிடித்துத் தொங்குவதற்கு என்ன நியாயம்? உத்தியோகத்தரும் வைத்தியரும் ஆசிரியரும் மட்டுமன்றிக் கமக்காரரும் இதைச் சிந்திக்க வேண்டும். கமக்காரருக்கு இதில் என்ன என்று கேட்போருக்குப் பின்னே விடை சொல்வோம். சொல்லப்போனால் இவ்விஷயத்தில் அவருடைய பங்கே பெரிது.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படையினரால் அமைக்கப்பட்டது. இலங்கை சுதந்திரம் அடைவதற்கு இரு மாதங்கள் முன்னரே, 1947 டிசம்பர் 10ஆம் தேதி, எயர் சிலோன் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட அந்த டக்கோட்டா விமானம் நேரே சென்னைக்குப் போகவில்லை; காங்கேசன்துறை என்று அன்று வழங்கிய நம் பலாலியில் இறங்கியே போயிற்று. இந்நாட்டின் தேசிய விமான சேவை பிறந்த முதல் நாளிலேயே பலாலி சர்வதேச வழியில் ஒரு நிலையமாக இருந்தது. இன்று எவரேனும் வடக்குக்கு விமான நிலையம் ஏன் என்று கேட்டால், அவர் இந்நாட்டின் சொந்த வரலாற்றையே அறியாதவர் என்க.

எழுபதுகளின் இறுதியில் எயர் சிலோன் மறைந்தது. 1979 செப்டம்பரில் எயர் லங்கா எழுந்தபோது எல்லாம் கட்டுநாயக்காவிலேயே குவிந்தது. பின்னர் வந்த போர் பலாலியைப் படைத் தளமாக்கி, அதனைச் சூழ்ந்த கிராமங்களை வெறுமையாக்கியது. உள்நாட்டுச் சேவைகள் சில தோன்றின, மறைந்தன. 1998 செப்டம்பர் 29ஆம் தேதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த அனைவரும் மாண்ட துயரை நம்மில் எவரும் மறந்திலர்.

2019 ஒக்டோபர் 17ஆம் தேதி, ஜனாதிபதித் தேர்தலுக்குச் சரியாக முப்பது நாள் இருக்கையில், பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் திறந்துவைக்கப்பட்டது. (தேர்தல் நெருங்கினால் குண்டும் குழியுமான ஓடுபாதைகூட வழுவழுப்பாகிவிடும் என்பது இந்நாட்டு அநுபவம்.) நவம்பரில் அலையன்ஸ் எயர் சென்னைச் சேவையை ஆரம்பித்தது. நான்கே மாதம்! 2020 மார்ச்சில் தொற்றுநோய் வந்து எல்லாவற்றையும் நிறுத்திற்று.

நோய் உலகுக்கெல்லாம் பொதுவே. ஆனால் அதன் பின் நடந்ததைக் கவனியுங்கள். 2021 ஜனவரியிலேயே கட்டுநாயக்கா உல்லாசப் பிரயாணிகளுக்குத் திறக்கப்பட்டுவிட்டது. பலாலிக்குச் சென்னை விமானம் மீண்டும் வந்தது 2022 டிசம்பர் 12ஆம் தேதியன்று. இடையே கழிந்தவை இருபத்துமூன்று மாதங்கள். கட்டுநாயக்கா இருபத்துமூன்று மாதம் பூட்டிக் கிடந்திருந்தால் எத்தனை மந்திரிமார் பதறியிருப்பர்! பலாலி பூட்டிக் கிடந்தபோது நம் பிரதிநிதிகளும் பாராளுமன்றத்தில் அவ்வப்போது ஒரு கேள்வி கேட்டுவிட்டு அமர்ந்தனர் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

அதன் பின்னர் நிலைமை சற்றுத் தேறியது. 2023 ஜூலையில் சென்னைச் சேவை நாள்தோறும் என்றாயிற்று. 2024 செப்டம்பர் 1ஆம் தேதி இண்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கிற்று. 2025 மார்ச் 30ஆம் தேதி அதே நிறுவனம் திருச்சிக்கும் வழி திறந்தது. இவையெல்லாம் ஏ.ரி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானங்கள். எண்பது பேரைக்கூட ஏற்ற முடியாதவை. சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றும், திருச்சிக்கு அதனினும் குறைவு என்றும் கொள்ளலாம். வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகும் முதியவருக்கும், சிதம்பர தரிசனம் செய்யப் போகும் குடும்பத்துக்கும், தமிழ்நாட்டு முகாமில் பல்லாண்டு கழித்துவிட்டு ஊர் திரும்ப விரும்பும் அகதிக்கும் இதனினும் நேரான வழி வேறில்லை.

சிறிய விமானம் என்பதன் பொருளைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முந்நூறு பேர் ஏறும் விமானத்தில் இருபது ஆசனம் வெறுமையாய்ப் போனால் நிறுவனம் அதைப் பொருட்படுத்தாது. எழுபது பேர் ஏறும் விமானத்தில் இருபது ஆசனம் வெறுமையாய்ப் போனால் அந்த வழியின் ஆயுள் குறையத் தொடங்கிவிட்டது. விமான நிறுவனம் தருமஸ்தாபனமன்று. அது மாதந்தோறும் கணக்குப் பார்க்கும். வேறொரு வழியில் அதே விமானத்துக்கு அதிக இலாபம் கிடைக்குமானால் அங்கே கொண்டுபோய்விடும். பலாலிக்கு விமானம் வேண்டும் என்று மேடையில் முழங்கிவிட்டுத் தன் மகளின் திருமணத்துக்கு வரும் உறவினருக்கெல்லாம் கட்டுநாயக்காவுக்குச் சீட்டுப் பதிவு செய்பவர், தம்மை அறியாமலே அவ்வழியை மூடுபவராகிறார்.

அவர்கள் ஏன் அவ்வாறு செய்கின்றனர்? சீட்டின் விலை என்பர். கட்டுநாயக்காச் சீட்டு மலிவாய்த் தோன்றுவது பல வேளை உண்மையே. ஆனால் முழுக் கணக்கைப் போடுங்கள். வாடகை வான் எடுத்து யாழ்ப்பாணத்திலிருந்து போய்வரும் செலவு, கொழும்பில் ஓர் இரவு தங்கும் செலவு, சாப்பாடு, கூடவே போகும் இருவரின் இழந்த வேலைநாள், எழுபது வயதுத் தாயார் இரவு முழுவதும் இருக்கையில் மடங்கிக் கிடந்து மறுநாள் படும் நோவு ஆகியவற்றை எவரும் சீட்டில் அச்சிட்டுத் தருவதில்லை. பலாலி யாழ் நகரத்திலிருந்து இருபது கிலோமீற்றருக்கு உட்பட்டது. நான்கைந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு இவ்விரு கணக்குகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் எது மலிவு என்பது தானே விளங்கும்.

வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு வேறொரு சிக்கல் உண்டு. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் நம்மவர் கணனியில் இலங்கை என்று தேடினால் முதலில் வருவது கொழும்பு. யாழ்ப்பாணம் என்றே, அன்றேல் ஜே.ஏ.எஃப். என்ற மூன்றெழுத்துக் குறியீட்டாலே, தேடினாலன்றிப் பலாலி அகப்படுவது அரிது. பிரயாண முகவர்களுட் சிலரும் பழக்கதோஷத்தால் கொழும்பையே எழுதிவிடுகின்றனர். கேட்பவர் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

அடுத்தது, சீட்டு ஒன்றா இரண்டா என்ற கேள்வி. தொலைதூர விமானத்தையும் சென்னை–பலாலி விமானத்தையும் ஒரே பதிவாக வாங்க இயலுமானால் அதுவே சிறந்தது. முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினாலும், மாற்று ஆசனம் தருவது அப்போது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டையும் வெவ்வேறாக வாங்கினால் அப்பொறுப்பு முழுவதும் பிரயாணியின் தலையில் விழும். பொதியையும் சென்னையில் தாமே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்கு இந்தியக் குடிவரவு எல்லையைக் கடக்க வேண்டும். அதாவது விசா வேண்டும். ஓர் இரவு சென்னையில் தங்கிப் பட்டுப்புடவையும் வாங்கிக்கொண்டு வர எண்ணுபவருக்கு இது தொல்லையன்று. கைக்குழந்தையோடு வருபவர் இதை முன்னரே அறிந்திராவிட்டால் பெருந் தொல்லை. ஐரோப்பாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் சென்னைக்கு வரும் விமானங்களுட் பல நள்ளிரவிலும் விடியற்புறத்திலும் இறங்குகின்றன. பலாலி விமானத்தின் நேரத்தை அவற்றுக்கு இசைய அமைத்தால் எத்தனையோ ஆசனங்கள் தாமே நிரம்பும். இதனை நிறுவனங்களிடம் எழுத்தில் கேட்க வேண்டியவர்கள் நம் வர்த்தக சங்கத்தாரும் புலம்பெயர் சங்கங்களுமே. ஆண்டுதோறும் எத்தனை பேர் எந்த மாதத்தில் வருகின்றனர் என்ற கணக்கு அச்சங்கங்களிடம் இருக்குமானால், எந்த மேடைப் பேச்சினும் அக்கணக்கு வலிமையுள்ளதாகும்.

பொதி விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. சிறிய விமானம் நிறைக்கு அஞ்சும். பெரிய விமானத்தில் இரண்டு பெட்டி கொண்டுவர அனுமதி பெற்றவர் பலாலி விமானத்திலும் அவ்வளவே உண்டென்று நம்பி வந்தால், சென்னையில் மேலதிகக் கட்டணம் கொடுத்துவிட்டு நிறுவனத்தையும் நிலையத்தையும் சேர்த்துச் சபிப்பார். சீட்டு வாங்கும்போதே கேட்டறிவது நன்று.

இனிக் கமக்காரரிடம் வருவோம். பலாலி திறந்ததும் யாழ்ப்பாணத்து வெண்காயமும் மிளகாயும் வாழைக்குலையும் விமானத்தில் பறக்கும் என்று சிலர் வாக்களித்தனர். அன்பர்களே, அதை நம்ப வேண்டாம். பிரயாணிகளின் பெட்டிகளுக்கே இடம் போதாத விமானத்தில் வெண்காய மூட்டைக்கு இடம் ஏது? பாரமான விளைபொருளுக்கு வழி கடல்தான். 2023இல் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய காங்கேசன்துறை–நாகப்பட்டினக் கப்பலையும், அதற்கேற்ற துறைமுகத்தையுமே கமக்காரர் கேட்க வேண்டும். விமானத்தில் போகக்கூடியது பாரம் குறைந்ததும் விலை மிகுந்ததுமான பொருள். அதற்கும் பெரிய விமானம் வர வேண்டும்.

பெரிய விமானம் என்றவுடன் ஓடுபாதையை நீட்டுவது என்ற பேச்சு எழுகிறது. அங்கேதான் கமக்காரரின் நெஞ்சு திடுக்கிடுகிறது. நியாயமே. பலாலி, வசாவிளான், குரும்பசிட்டி, கட்டுவன், மயிலிட்டி என்னும் ஊர்களின் செம்மண்ணைப் போன்ற மண் குடாநாட்டில் வேறெங்கே உண்டு? 1990 ஜூனில் அம்மண்ணைவிட்டு ஓடியவர்கள் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் ஒரு தலைமுறையைக் கழித்தனர். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் வந்தது. காணிக்காரர் நீதிமன்றம் ஏறினர். 2015க்குப் பின் பகுதி பகுதியாகக் காணி விடப்பட்டதாயினும் முழுவதும் விடப்படவில்லை. தன் தோட்டத்தை வேலிக்கு அப்பால் நின்று பார்த்தவனிடம் போய், நாட்டின் முன்னேற்றத்துக்காக இன்னும் நான்கு பரப்புத் தா என்று கேட்பதற்கு எவருக்கு வாய் வரும்?

ஆதலால் இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்த நாம் இடங்கொடுக்கலாகாது. போர்க் காலத்தில் அந்தோனோவ் விமானங்களும் சி-130 என்னும் பாரிய போக்குவரத்து விமானங்களும் பலாலியில் இறங்கி ஏறின. அவற்றுக்கு இடம் கொடுத்த நிலம் இன்றும் படையினரின் வேலிக்குள்ளேயே கிடக்கிறது. விரிவாக்கம் வேண்டுமானால் அவ்வேலிக்குள்ளிருந்தே தொடங்கட்டும். தளத்தின் பெயரால் வைத்திருக்கும் நிலத்தில் எவ்வளவு விமானப் பாதுகாப்புக்கு உண்மையில் தேவை, எவ்வளவில் படையினர் பயிர் செய்தும் கட்டடம் எழுப்பியும் இருக்கின்றனர் என்பதை முதலில் அளந்து சொல்லட்டும்.

பணம் இல்லை என்று அரசாங்கம் சொல்லுமாயின் மத்தளையை நினைவூட்டுவோம். 2013 மார்ச்சில் அங்கே 20 கோடி 90 இலட்சம் டொலர் செலவில், பெரும்பாலும் சீனக் கடனில், 3,500 மீற்றர் நீளமான ஓடுபாதையோடு ஒரு விமான நிலையம் திறந்தார்கள். பிரயாணிகள் வரவில்லை. தேசிய விமான நிறுவனமே 2015 ஜனவரியில் அங்கே போவதை நிறுத்திவிட்டது. ஓடுபாதை இருக்கிறது, ஆட்கள் இல்லை. பலாலிக்கோ ஆட்கள் இருக்கின்றனர். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஒவ்வொரு நாளும் வந்து இறங்குகின்றனர்.

ஓடுபாதை எவ்வளவு நீட்டப்படும், எத்திசையில், அதற்குள் எந்தெந்தக் காணித் துண்டுகள் அகப்படும், அவை யாருடையவை, எவ்வளவு நட்டஈடு, எப்போது என்பவற்றைக் காட்டும் வரைபடம் ஒன்றைத் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். சுவீகரிப்பு அறிவித்தல் ஒட்டப்படுவதற்கு முன்னரே, தமிழில் வைக்க வேண்டும்.